சனிக்கிழமைக்கு வரைபடம் கிடையாது

கோலா கெட்டிலில் இரவு பதினொன்று.
செம்பனை லோரியைக் கழுவி நிறுத்திவிட்டு
ஜீவரத்தினம் தூங்கிவிட்டார்.
மான்செஸ்டரில் திருமதி ஸிப்போரா ரைக்மன்
பிற்பகல் தேநீரோடு உட்கார்ந்து
எனக்கு ஒன்பதாவது மின்னஞ்சல் எழுதுகிறாள்.

ஐந்து பிள்ளைகள். டிசம்பர். பிராக். ஏழு இரவு.
கம்பெனிக் கணக்கில் இது
சாதாரணக் குடும்பச் சுற்றுலா.

முதலில் சாப்பாடு.
பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு வேறு,
இரண்டும் ஒரே தண்ணீரில் கழுவப்படக் கூடாது.
எனக்கு ஆச்சரியமில்லை.
தைப்பூச விரதம் முடியும்வரை
எங்கள் வீட்டிலும் ஒரு சட்டி
இன்னொரு சட்டியைத் தொடாது.

பிறகு அறை.
லிஃப்ட் ஏறமாட்டார்கள், முதல் மாடியே போதும்.
அட்டைச் சாவி ஆகாது, இரும்புச் சாவி.
ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கு
தாழ்வாரத்தில் இருக்கிறதா?
மூன்று ஹோட்டல்களைக் கேட்டேன்.
ஒருவன் மட்டும் பதில் போட்டான்:
“எங்களிடம் எதுவுமே தானாக வேலை செய்யாது, மேடம்.”
அங்கேயே பதிந்தேன்.

வெள்ளிக்கிழமை
மூன்றே முக்காலுக்கு விளக்கேற்றியாக வேண்டுமாம்.
தட்டச்சுப் பிழை என்று நினைத்து
இரண்டு முறை சரிபார்த்தேன்.
அந்நேரம் இங்கே வெயில்
தகரக் கூரையை விட்டு இறங்கியே இருக்காது.
கோட்டையை மத்தியானத்தோடு வெட்டினேன்.
ஷாயா கேட்ட பொம்மலாட்டம்
ஞாயிறுக்குப் போனது.

சனிக்கிழமைதான் என்னை மாட்டிவிட்டது.
வண்டி இல்லை, காசு இல்லை, போன் இல்லை,
சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதமும் கூடாது.
கைக்குழந்தையைத் தெருவில் தூக்கக் கூடாது என்பதால்
அவளும் குழந்தையும் அறையிலேயே.
தகப்பனும் நாலு பிள்ளைகளும்
தொழுகைக் கூடத்துக்கு நடப்பார்கள்.

வரைபடம்?
அதுவும் சுமைதான்.
அப்படியானால் வழி?
“மனதில் கொண்டுபோகலாம், அதற்குத் தடையில்லை” என்றாள்.

திரையில் அந்த மஞ்சள் மனிதனை
ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டேன்.
அங்கே கோடைக்காலம்,
அரைக்கை சட்டையில் ஐஸ்கிரீம் தின்கிறார்கள்.
பனியை நான்தான் போட வேண்டியிருந்தது.
பனி என்று நான் கண்டதெல்லாம்
மீன்காரர் பெட்டியில் உடைந்து கிடப்பது.
ஆனாலும் யோசித்தேன்:
தரையில் கிடக்கும் அடையாளம் எதுவும் ஆகாது,
மூடிவிடும்.
கண்ணுயரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே போனேன்.

*ஆறு சத்தம் போடும் பக்கத்துக்கு முதுகைக் காட்டு.
விளக்குக் கம்பம் நாலு.
மூக்குடைந்த கல் சிங்கத்திடம் வலப்பக்கம்.
மருந்துக்கடைப் பாம்பு உன்னைப் பார்த்தால் நீ சரி.
பச்சைக் கதவு வந்தால் இடது.
பிறகு பாட்டுச் சத்தம், அதன் பின்னாலேயே போ.*

அனுப்பிவிட்டு வெட்கமாக இருந்தது.
மறுநாள் எழுதியிருந்தாள்:
ஷாயா குளிக்கும்போது சொல்கிறான்,
ஃப்ரூமி கதவுக்கு வெளியே நின்று திருத்துகிறாள்.

இங்கே என் மகிழினியும்
கேட்டுக் கேட்டுப் படித்துவிட்டாள்.
பசியாறப் போகும் வழியில்
சீனக் கோயில் சிங்கத்திடம்
வலப்பக்கம் திரும்பச் சொல்லி அழுகை.
வலப்பக்கம் சாக்கடை.

டிசம்பர் கடைசிச் சனி, இங்கே நள்ளிரவு தாண்டி,
அங்கே மூன்று நட்சத்திரம் தெரிந்திருக்க வேண்டும்,
போன் மினுக்கியது.
அம்மாவின் எண்ணிலிருந்து ஷாயா:

“பச்சைக் கதவுக்குப் பழுப்பு அடித்துவிட்டார்கள்.
அப்பா நின்றுவிட்டார்.
பாம்பு எங்களைப் பார்த்தது, ஆனால் கதவு இல்லை.
ஃப்ரூமிதான் குனிந்து பார்த்தாள்.
கீலோரத்தில் கொஞ்சம் பச்சை விட்டிருந்தார்கள்.”

எழுந்து போய்க் கணினியைத் திறந்து
பச்சை என்பதைப் பழுப்பு என்று திருத்தினேன்,
அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும்.
அணைக்கப் போனவள்
மறுபடி உட்கார்ந்து சேர்த்தேன்:
கீலோரம் பச்சை. குனிந்து பார்க்கவும்.