மீதம் புள்ளி ஏழு

பகலெல்லாம் நான் எழுதுவது குவிண்டால்.
குடியாத்தம் விற்பனைக் கூடத்தில்
மூட்டை ஏறும், முள் ஆடி நிற்கும்,
நோட்டில் இறக்குவேன்.
ஐப்பசியில் மல்லாட்டை வரத்து.
பேரணாம்பட்டு, கே.வி.குப்பம்,
அதற்கப்பால் ஆந்திரத்து லாரிகள்.
யாரும் சும்மா நிற்பதில்லை அங்கே,
உடைத்து வாயில் போட்டுக்கொண்டுதான்
விலை பேசுவார்கள்.

இரவில் கிராம்.
சேட்டு கடையைக் காலி செய்தபோது
முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய நகைத் தராசு.
முதல்நாள் பார்த்துவிட்டுச் சம்பங்கி கேட்டாள்:
"முட்டைக்கு செய்கூலி சேதாரம் இன்னாய்யா?"

நாளொன்றுக்கு நாலரை கிராம்.
அதற்குமேல் அந்தக் கொழுப்பு வேண்டாம்.
பன்மை நிறைவுறாக் கொழுப்பு
என்று தமிழில் அதற்குப் பெயர்.
சொல்லி முடிப்பதற்குள் வடை ஆறிவிடும்.
நிறைவுறாதது என்று பேர் வைத்தவன்
என்னை எங்கோ பார்த்திருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்காதீர்கள்.
மச்சினன் கேட்டான்.
பதினோரு நிமிடம் விளக்கினேன்.
"சுகரா?" என்றான்.

தள்ளுவது சுலபம்.
சூரியகாந்தி பாக்கெட் பக்கத்து வீட்டுக்குப் போனது,
நல்லெண்ணெய் விளக்குக்கு.
கடலெண்ணெய்தான் போகவில்லை.
எங்கள் தெருக்கோடியில் செக்கு,
மாலை ஐந்துக்கு மோட்டார் போடுவான்,
புண்ணாக்கு வாசனை ஜன்னலேறி வந்து
கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.
வாசனைக்கு எத்தனை கிராம்?
பட்டியலில் இல்லை.

தள்ளிய பிறகுதான் வேலை.
வெறும் சோறும் தேங்காய் எண்ணெயும் என்றால்
கணக்கு சுத்தமாக இருக்கும்,
ஆள் இருக்கமாட்டான்.
எலும்புக்குக் கேழ்வரகும் பாலும்.
இரும்புக்கு முருங்கைக்கீரை,
அந்த இரும்பு உள்ளே ஒட்ட நெல்லிக்காய்.
பருப்பு நாற்பது கிராம், மேலே வேண்டாம்.
ஞாயிறு விடியலில் ஆட்டு ஈரல்.
"நூறு கிராமா, பூனைக்கா?" என்றார் கசாப்புக்கடை ஷர்புதீன்.
எனக்குத்தான் என்று சொன்ன பிறகு
நூற்றிருபது போட்டார், இரக்கத்தில்.
அந்த இருபதை வீட்டில் கழித்தேன்.

முட்டையில் மாட்டிக்கொண்டேன்.
மஞ்சள் கருவில் இருக்கிறது வேண்டியது.
அதற்குள்ளேயே கலந்திருக்கிறது வேண்டாதது.
ஒன்றா, அரையா?
அரை முட்டையை எவன் வேகவைப்பான்?
நான்கு இரவு அந்த வரி காலியாகக் கிடந்தது.
ஐந்தாம் நாள் சம்பங்கி அவித்து, இரண்டாக அறுத்து,
ஒரு பாதியைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.
அதற்குள் நான் முழு முட்டைக்கு இடம் பண்ணியிருந்தேன்.
சொல்லவில்லை.

ஆரம்பத்தில் சைபருக்கே இறக்கப் பார்த்தவன் நான்.
பச்சரிசியிலும் இருந்தது அது.
கீரையில், பாலில், ஒரு பொட்டு.
பிறகு படித்தேன்:
கொஞ்சமாவது வேண்டுமாம்.
உடம்புக்குத் தானே செய்துகொள்ளத் தெரியாத சரக்காம்,
வெளியிலிருந்துதான் வரவேண்டுமாம்.
அடித்துத் துரத்திய ஆளிடமே
அவன் வாசலில் போய் நின்று
கைமாற்று கேட்பதுபோல் இருந்தது.
அதற்குத்தான் வாரம் ஒரு துண்டு
மோர்தானா அணை மீன்,
எண்ணெயில்லாமல், புளிக்குழம்பில்.

நேற்று கூட்டல் முடிந்தது.
எல்லாச் சத்தும் எட்டி,
கொழுப்பு மூன்று புள்ளி எட்டில் நின்றது.
மூன்று தடவை சரிபார்த்தேன்.
சம்பங்கி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.
சீட்டு நடத்துகிறவள், கணக்கு அவளுக்கும் வரும்.
"மீதி எவனுக்கு?"

சட்டைப் பையில் இருந்தது,
யார் மூட்டையிலிருந்து விழுந்ததோ,
மண்கூட உதிராத இரண்டு காய்.
உடைத்தேன். ஒன்றில் மூன்று, ஒன்றில் இரண்டு.
தங்கம் கிடந்த தட்டில் வைத்தேன்.
பென்சிலால் பெருக்கினேன்.
இடம் இருந்தது இன்னும்.

அவள் வாய் அசைந்துகொண்டே இருந்ததை
அப்போதுதான் கவனித்தேன்.
மடியில் கைவிட்டு ஒரு பருப்பை எடுத்துத் தட்டில் போட்டாள்.
முள் லேசாக நகர்ந்தது.
"செல்லும், துன்னு."

தோலோடு மென்றேன், ஒவ்வொன்றாக.
நாளைக்கு எழுநூறு மூட்டை வருதாம்.