இறங்கி வருகிறவர்களுக்கு

மூன்று டப்பா பெயின்ட்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு.
முடி பாதி கொட்டிய தூரிகை ஒன்று.
பேரீச்சம்பழம், இரண்டு புட்டித் தண்ணீர்.
கை துடைக்க மகனின் பழைய கால்சட்டை, ஒரு கால் மட்டும்.
ஹஜர் மலையில் என் அலுவலகம் இவ்வளவுதான்.

கல்லை முதலில் உள்ளங்கையால் தள்ளிப் பார்ப்பேன்.
ஆடுகிற கல்லுக்குப் பெயின்ட் கிடையாது.
காட்டாற்றில் வெள்ளம் வந்தால் அது புறப்பட்டுவிடும்,
குறியையும் முதுகில் சுமந்துகொண்டு
யாரையாவது எங்காவது கூட்டிப் போகும்.
அசையாத கல்லில் சாண் நீளத்துக்கு மூன்று கோடு.
இந்தக் கல்லில் நின்றால் அடுத்த கல் தெரிய வேண்டும்.
தெரியாவிட்டால் நடுவில் இன்னொன்று.
எனக்குக் கூலி கோட்டுக்கு இல்லை, நாளுக்கு;
அதனால் கஞ்சத்தனம் செய்வதில்லை.

அடிவாரத்தில் மணல்.
மணல் முடிந்தால் பரல், பரல் முடிந்தால் செங்குத்து.
எட்டாம் திருப்பத்துக்கு மேலே ஒரு காட்டு ஒலிவ மரம்.
பதினோரு மணி வெயிலில் அதன் நிழல்
ஒன்றரை ஆளைக் கொள்ளும்.
அந்த அரை ஆளாக வந்து நிற்கும்
ஸுவைனாவின் கிடா.
உச்சியில் ஜீப் சாலை. மாலையில் வண்டி வரும்.
மறுபக்கமாக வீட்டுக்குப் போய்விடுவேன்.
முப்பது மாதம் இப்படித்தான்.

பிப்ரவரியில் ஒருத்தி தனியாக ஏறினாள்.
டைவா, லித்துவேனியாக்காரி, நில அளவை செய்பவள்.
ஓரிடத்திலும் நின்று யோசிக்கவில்லையாம்,
அவ்வளவு நன்றாகக் குறி போட்டிருந்தேனாம்.
அதே வழியில் இறங்கத் திரும்பினாள்.
எந்தக் கல்லிலும் ஒன்றும் இல்லை.
எல்லாக் கற்களும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

இருட்டியதும் ஆட்டுத்தடத்தைப் பிடித்தாள்.
ஆட்டுத்தடம் பொய் சொல்லாது,
ஆனால் அது பேசுவது ஆட்டிடம்.
ஒன்று இரண்டாகி, இரண்டு ஏழாகி,
ஏழும் ஒரு பட்டியில் போய் முடிந்தன.

இரவு இரண்டு மணிக்கு என் கைப்பேசி.
ஸுவைனா சலாம்கூடச் சொல்லவில்லை.
"ஹிம்யர், உன் மலையில் ஏறுகிறவர்கள் மட்டும்தான் மனுஷரா?"
பின்னால் ஆடுகள் கத்தின.
யாரோ காப்பியை ஊதிக் குடிக்கும் சத்தம்.

விடிந்து போனபோது
கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாள் டைவா,
முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது.
திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.
என் நோட்டில் இரண்டு புள்ளி வைத்து நடுவில் கோடு இழுத்தாள்.
பாதி கையாலும் பாதி கைப்பேசியாலும் சொன்னாள்:
இங்கிருந்து அதை அளந்தால்
அங்கே போய் நின்று இதையும் அளப்போம்,
இல்லாவிட்டால் எங்கள் தொழிலில் அது கணக்கில் சேராது.

மறுநாள் ஜீப்பில் உச்சிக்குப் போய் அங்கிருந்து ஆரம்பித்தேன்.
வேறு மலை.
படுத்த ஒட்டகம் என்று நான் பெயர் வைத்திருந்த பாறை
இந்தப் பக்கம் வெறும் சுவர்.
ஒலிவ மரத்தில் இடி விழுந்த தழும்பு, ஆள் உயரம்;
அதன் மறுபக்கத்தில்தான் இத்தனை நாள் முதுகு சாய்த்திருக்கிறேன்.
நான் போட்ட குறி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.
ஓரிடத்தில் உண்மையாகவே வழி தவறினேன்,
கால் மணி நேரம்.
அறிக்கையில் அதை எழுதவில்லை.

அடிவாரம் சேர நான்கு நாள்.
ஒவ்வொரு கல்லின் முதுகிலும் மூன்று கோடு.

ஈரம் காயுமுன் ஸுவைனாவின் கிடா
ஒரு கல்லில் விலாவைத் தேய்த்துவிட்டுப் போனது.
மஞ்சள், வெள்ளை, சிவப்பு, மிகச் சரியான வரிசையில்.
இப்போது அது போகும் இடமெல்லாம் வழி.
பின்தொடர வேண்டாம் என்று ஒரு பலகை கேட்டு
அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.
பதில் வரவில்லை.
நேற்று இரண்டு பேர், தொப்பி போட்டவர்கள்,
அதன் பின்னால் நல்ல வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.