முப்பத்திரண்டில் எட்டு

பதினெட்டு ரியால். முப்பத்திரண்டு ஜிபி என்று விற்றார்கள்.
திறந்தால் இருபத்தொன்பதுதான்.
ஜுபைலில் சம்பளமும் அப்படித்தான்.

நைட் ஷிப்ட் முடிந்து மேல்கட்டிலில்
கூரை இடிக்காமல் குனிந்து கோடு கிழித்தேன்.
முதல் பாகம் எட்டு:
ஹார்ட் டிஸ்க் செத்த தில்பகதூரின் லேப்டாப்பை
லினக்ஸ் போட்டு எழுப்ப.
மீதி எனக்கு.
கீழே அவன் லுங்கியைத் திரையாகக் கட்டியிருந்தான்,
அதுவும் பார்ட்டிஷன்தான்,
குறட்டை மட்டும் தாண்டி வரும்.

என் பாகத்தில்
மகள் பல் விழுந்த வாயோடு சிரிக்கும் படம்,
இக்காமா நகல்,
பதினோரு மாத ஓவர்டைம் தாள்கள்,
அப்படி எதுவுமே இல்லையென்று
கம்பெனி சொல்லும் தாள்கள்.

வெள்ளிக்கிழமை கேட்டில் பையைத் துழாவினார்கள்.
முர்த்தளா பாய் தன் விண்டோஸில் செருகினார்.
முதல் பாகம் திறந்தது, ஏதோ பூட் கோப்புகள்.
இரண்டாவதைத் தொட்டதும் திரை கேட்டது:
படிக்க முடியவில்லை, பார்மட் செய்யவா?

"கெட்டுப்போச்சு போல. சரிபண்ணித் தரட்டா?"
நல்ல மனுஷன். விரல் மவுஸ் மேல்.
"வேண்டாம் பாய், பழைய சாமான்"
என்றது என் குரலா, தெரியவில்லை.

லேபர் கோர்ட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.
அறைக்கு வந்ததும் தில்பகதூர் கேட்டான்:
என் எட்டு பத்திரமா?

அவர் பார்த்ததே
அதை மட்டும்தான் என்றேன்.