செவ்வாய்க்கிழமை ஃபைன்

அலுவலகத் தாளில் அதன் பெயர் தண்டக் கட்டணம்.
தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.
ஃபைன் என்பார்கள்,
முன்னால் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்து.

ஸ்கார்பரோவில் பதினோரு வருடமாக ஃபைன் எழுதுகிறேன்.
"எப்படி இருக்கிறாய், லொரெய்ன்?" என்பவர்களுக்கும்
பதினோரு வருடமாக அதையேதான் கொடுக்கிறேன்.
ஒன்றுக்கு மட்டும் ரசீது உண்டு.

அந்த வேன் செவ்வாய்க்கிழமைகளில் வரும்.
மருத்துவமனையின் பின்தெரு, ஒரு மணி நேரம் மட்டும்.
கதவில் உரிந்துகொண்டிருக்கும் எழுத்து:
அ. பிக்கர்ஸ்கில், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்.
மூன்று மணி நேரம் கழித்துத்தான் வருவார்.

முதல் தடவை, வண்டி எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது
பின்னால் வந்து நின்றார்.
கத்தப்போகிறார் என்று தோளை இறுக்கிக்கொண்டேன்.
ஃபைன், என்றார்.
கேட்கிறாரா, ஒப்புக்கொள்கிறாரா,
தன் உடம்பைச் சொல்கிறாரா,
விளங்கவில்லை.
கடலிலிருந்து மழை வந்துகொண்டிருந்தது.
விழாமல், சலித்த மாவுபோல
முகத்தில் அப்பிக்கொள்ளும் மழை.
எங்கள் ஊரில் அதற்கும் ஃபைன் என்றே அடைமொழி.

நாலாவது ஃபைனுக்குப் பிறகு பேச ஆரம்பித்தோம்.
கம்பியை முறுக்குவது சுலபம், என்றார்,
கடைசி மயிரிழையில்தான் உயிர் போகும்.
அந்த மயிரிழைக்குத் தொழிலில் என்ன பெயர் தெரியுமா?
தெரிந்தது. சிரித்தோம்.
உங்கள் மனைவி?
அவள் ஃபைன்.
ஜாடிக்கு மூடிபோல
அந்தச் சொல்லைத் திருகி வைத்தார்.

ஒருமுறை தெருவின் மறுகோடியிலேயே
இருபது நிமிடம் நின்றேன்,
ஒரு நாய் அஞ்சல் பெட்டியை முகர்வதைப் பார்த்தபடி.
அவர் வரவில்லை. எழுதிவிட்டேன்.

மார்ச்சில் வேன் வரவில்லை.
ஏப்ரலில் அலுவலகத்துக்கு, என் பெயருக்கு ஓர் உறை.
ஏழு ஃபைனுக்கும் காசோலை,
பதினான்கு நாளில் கட்டினால் பாதி என்கிற சலுகையெல்லாம் கடந்துபோன முழுத்தொகை.
கூடவே ஓர் இசைத்தாள்.
மூலையில் தேநீர்க் கறை, மேலே பென்சிலில் ம்யூரியல்.
பக்கத்தின் நடுவே ஒரு சொல்லைச் சுற்றி வட்டம்.
எனக்குத் தெரிந்த அதே நான்கு எழுத்து.
கடிதம் எதுவும் இல்லை.

அவள் தேறிவிட்டாள், என்று எல்லாரிடமும் சொன்னேன்.
தாளை அறிவிப்புப் பலகையில் குத்தினேன்.
ஒரு டஜன் டோனட் வாங்கி வைத்தேன்.

கட்டண இயந்திரங்களிலிருந்து சில்லறை அள்ளுகிற கீத்
ஞாயிறுகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன்.
மோவாயில் சர்க்கரைத் தூளோடு
பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றான்.
யார் தேறிவிட்டது, லொரெய்ன்?
இது நம் சொல் இல்லை. இத்தாலி.
ஃபீனே என்று படிக்கணும்.
முடிந்தது என்று அர்த்தம்.

பக்கத்துக்கு நடுவிலா?

நடுவில்தான் போடுவார்கள்.
கடைசி வரி வரை போய்விட்டுத்
தலைக்குத் திரும்பி, மறுபடி வாசித்துக்கொண்டு வந்து
இங்கே கையை எடுக்கணும்.
முதல் தடவை
கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடுவோம்.

டோனட் மீதி ஆறு இருந்தது.
யாரும் தொடவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை.

இன்று செவ்வாய்.
அதே இடத்தில் ஒரு சிவப்புக் கார், நாற்பது நிமிடம் கூடுதல்.
ஒருத்தி ஓடி வருகிறாள்,
வருகையாளர் ஸ்டிக்கர் கோட்டில் இன்னும் ஒட்டியிருக்கிறது,
மூச்சு வாங்குகிறது,
மன்னிக்கணும், மன்னிக்கணும், அப்பா இப்போதுதான் கண் திறந்தார்.

கருவியை உறையில் போட்டேன்.
ஃபைன், என்றேன்.

அவள் பர்ஸைத் திறந்தாள்.