மணக்காதது

பத்தாந் திகதி சம்பளம்.
அன்றைக்கு என் ஓட்டோவுக்குப் பதினாலு நடை,
நோர்வூட் தவறணை வாசலில் இருந்து
ஆத்தடித் தோட்டம் மேல் டிவிசன் வரைக்கும்.
ஏறும்போது மூன்று பேர்,
இறங்கும்போது மூன்று மூட்டை.

எந்த முடக்கில் சிவனாண்டி பாடுவான்,
எந்தப் பாலத்தில் நிறுத்தினால்
கருப்பசாமி எட்டிப்பார்த்து வாந்தி எடுப்பான்,
எந்த லயத்தில் ஹோர்ன் அடிக்காமல் இறக்கிவிட வேண்டும்,
எல்லாம் எனக்கு அத்துப்படி.
கூலி கடன்தான். கொப்பியில் எழுதுவேன்.
முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன்.

நானும் குடித்தவன்.
விட்டது சபதம் எடுத்து அல்ல.
ஒரு மழைக்கு வண்டி தேயிலைக்குள் இறங்கிவிட்டது,
முன்கண்ணாடிக்கு முப்பதாயிரம்.
அதோடு கசந்துபோனது.

மேல் டிவிசன் தங்கேஸ்வரிக்கு
இருபது வருசமாக மூக்குத்தான் காவல்.
வாசலில் மறித்துப் புருசனை மோந்து பார்ப்பாள்.
சாராயம் என்றால் சோறு போடலாம்.
கசிப்பு என்றால் பிள்ளைகளைப்
பக்கத்துக் காம்பராவுக்கு அனுப்ப வேண்டும்.
வெற்றிலை வாசம் தூக்கலாக வந்தால்
தோடு பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செக்ரோலில் அவன்
முழுப்பேர், அரைப்பேர் என்று தேய்ந்து
மூன்று வருசத்துக்கு முன் இல்லாமல் போனான்.
ஆஸ்பத்திரியில் ஈரல் என்றார்கள்.
லயத்தில் காய்ச்சல் என்று சொன்னோம்.

மகன் டிலுக்சன் கொழும்பில் துணிக்கடை வேலை.
தீபாவளிக்கு வந்தவனை
வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொன்னாள்.
ஊதினான்.
பற்பசை வாசம்.
அன்றைக்கே மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

அவன் தூங்கவில்லை.
அடுத்த நாளும் தூங்கவில்லை.
ரேடியோவைக் கழற்றினான், பூட்டினான், திரும்பக் கழற்றினான்.
சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ
தன் பல்லை எண்ணுகிறார்கள் என்றான்.
“நல்ல சுறுசுறுப்பு தம்பி,” என்றாள் என்னிடம்,
“அப்பன் மாதிரி இல்ல.”

நான் கியரைப் போட்டேன்.

பின் சீட்டில் பொடியன்களின் கை
கைக்குள் போவதைக் கண்ணாடியில் கண்டிருக்கிறேன்.
உப்புக்கல் மாதிரி, சின்னப் பொலித்தீனில்.
அவர்கள் பாடுவதில்லை, வாந்தி எடுப்பதில்லை,
காசை எண்ணிக் கையில் வைக்கிறார்கள்.
இந்தப் பாதையில்
கடன் சொல்லாத ஆட்கள் அவர்கள் மட்டும்தான்.

முந்தாநாள் ராத்திரி ஒன்றரை மணி.
கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு
வழியெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனேன்.
லயம் லயமாக லைட் எரிந்தது.
பனியில் ரோட்டு பாதிதான் தெரிந்தது.
பின்னால் அவன் தலை அவள் மடியில்,
குதிகால் தகரத்தில் தடதடவென்று அடித்தது.
அவள் குனிந்து
வாயை மோந்தாள்,
கொலரை மோந்தாள்,
விரல் விரலாக மோந்தாள்.
“ஒண்ணும் மணக்கலையே,” என்றாள்.
கொட்டகலையே கேட்கும்படி கத்தினாள்:
“ஒண்ணுமே மணக்கலையே!”

என்ன எடுத்தார் என்று டொக்டர் கேட்டார்.
அவள் என்னைப் பார்த்தாள்,
பாசை தெரியாத இடத்தில் ஆள் தேடுவது போல.

இரண்டு எழுத்துத்தான் அந்தச் சொல்.
சொன்னேன்.

டொக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.
வாங்கில் இடம் இருந்தது, அவள் உட்காரவில்லை.
“ஒனக்கு மொதல்லயே தெரியுமா?”

அந்த நடையை இன்னும்
கொப்பியில் ஏற்றவில்லை.