பதினோராம் பக்கம்

எதில் தொடங்கலாம் என்று கேட்கிறாய், மெர்சிலின்,
ஆதார் அட்டைக்கு இரண்டு நகல் எடுக்க வந்த இடத்தில்.
தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவளுக்கு
கோத்தகிரியின் ஜூலையில்
ஆறு மணிக்கு மேல் செய்ய ஒன்றுமில்லைதான்.
கதவைச் சாத்து,
விட்டால் என் மெஷின் மூடுபனிக்கும் நகல் எடுக்கும்.

கிளை நூலகம், கடைசி அலமாரி,
ஒழுகும் மூலைக்கு ஒரு கை தள்ளி.
வெள்ளிக்கிழமை போகாதே, பூட்டியிருக்கும்.
துப்பறியும் நாவல்கள் எழுபத்தி நாலு.
எதைப் பிரித்தாலும் பதினோராம் பக்கத்தில்
ஏதோ ஒரு பெயரைச் சுற்றி
பச்சை மையில் வட்டம்,
தலைப்பக்கம் சேராமல் நிற்கும் வட்டம்.

முதலில் எனக்கு ரத்தம் கொதித்தது.
கொலைகாரனை முன்கூட்டியே சொல்கிறவனை
எந்தச் செக்‌ஷனில் உள்ளே போடுவது?
நூலகர் ஹாலன் அபராதப் பட்டியலைக் காட்டினார்:
கிழித்தால் உண்டு, தொலைத்தால் உண்டு,
வட்டத்துக்கு ஒன்றும் போடவில்லை.

பச்சை மை என்றால் கெசட்டட் கை.
ஊரில் அந்தக் கைகள் எல்லாம்
என் கண்ணாடிமேல் தினம் குப்புறப் படுத்து எழுகிறவை.
கால்நடை மருத்துவருடையது புல்லின் பச்சை.
தலைமையாசிரியையுடையது
நீலத்துக்கு வாக்கப்பட்டுப் போன பச்சை.
தாசில்தார் அழுத்துவதில் தாள் பின்னால் புடைக்கும்.
ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தவள்
ஏழாவது புத்தகத்தில் வழுக்கினேன்.
வட்டத்துக்குள் இருந்த ஆள்
நாற்பதாம் பக்கத்தில் செத்துக் கிடந்தான்,
கழுத்தில் மப்ளரோடு.

மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அது காட்டிக்கொடுக்கும் வட்டமே இல்லை.
படித்துக்கொண்டே வந்து, பதினொன்றில் நின்று,
இவன்தான் என்று கட்டிய பந்தயம்.
தோற்ற பிறகும் அடிக்காமல், திருத்தாமல்
தவணைக்குள் திருப்பித் தந்த பந்தயம்.
தன் பச்சை தப்பென்று தெரிந்தும்
அப்படியே விட்டுவைத்த அதிகாரி,
என் சர்வீஸில் அந்த ஒருவர்தான்.

அதற்கப்புறம் நோட்டுப் போட்டுக் கணக்கெடுத்தேன்.

வாமனமூர்த்தி பன்னிரண்டு எழுதியிருக்கிறார்,
பதினொன்றில் பச்சைக்கு ஜெயம்.
வக்கீல்கள் பேசுவார்கள், பேசுவார்கள்.
குன்னூர் பஸ்ஸுக்கு ஆகும்,
கட்டபெட்டு வருவதற்குள் உனக்கே தெரிந்துவிடும்.
மாயமுகி என்று ஒருவர், ஆணோ பெண்ணோ,
பிணம் தாராளம், காரணம் கஞ்சம்.
காய்ச்சல் நாளைக்கு வைத்துக்கொள்.

கமலினி தேவசகாயம், ஒன்பது நாவல்.
ஒன்பதிலும் பச்சை தோற்றிருக்கிறது.
கடைசியில் வட்டம் பெயரையே விட்டுவிட்டு
இரண்டு பெயர்களுக்கு நடுவே
ஒரு முற்றுப்புள்ளியைப் பிடித்துவைத்திருக்கிறது.
அந்த அம்மாள் எதையும் ஒளிப்பதில்லை.
சாவி முதல் பக்கத்திலேயே மேஜைமேல் கிடக்கும்.
ஆனால் பால் பொங்கும், நீ அடுப்பைப் பார்ப்பாய்.
யாரோ தும்முவார்கள், நீ ஜன்னலைப் பார்ப்பாய்.
முடித்தபின் திரும்பப் போனால்
சாவி அங்கேயேதான் இருக்கும்,
உன் வெட்கம் அதன் பக்கத்தில்.

அவரில் தொடங்கு.
ஒரு பேனா கொண்டுபோ, நீலம் போதும்.
மூன்றாவது நாவலில்
பச்சைக்குப் பக்கத்தில் பென்சில் வட்டம் ஒன்று இருக்கும்.
சிரிக்காதே. நானும் தோற்றேன்.

யாரென்று தெரிந்ததா என்கிறாய்.
போன செவ்வாய் ஒரு சான்றிதழ் வந்தது,
எந்த அலுவலகம் என்று கேட்காதே.
கையெழுத்தின் முதல் சுழி
கீழிருந்து கிளம்பி, ஒரு சுற்று சுற்றி
தலைப்பக்கம் சேராமல் நின்றிருந்தது.
கீழே பெயர், பதவி, ரப்பர் ஸ்டாம்ப்.
நாலு நகல் கேட்டார்கள், நாலும் கொடுத்தேன்,
எனக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ளவில்லை.
எடுத்தாலும் என்ன,
என் மெஷினில் பச்சை கறுப்பாகத்தான் விழும்.

நாலு ரூபாய், மெர்சிலின்.
சில்லறை இருக்கிறதா?