வரை

ஹேவ்லாக் சதுக்கம், காலை ஒன்பதரை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீரபாகு.
இந்தப் பக்கம் நான்,
சம்பளத்துக்குப் பேசும் வாய்.

தன்னிச்சையாகக் காயம் விளைவித்தது, என்கிறேன்.
"தன்னிச்சைன்னா?"
வேண்டுமென்றே.
"வேணும்னு யாருண்ணே அடிப்பா?
கோவம் வந்துச்சு."
அப்படியே ஆங்கிலத்தில் எடுத்து வைக்கிறேன்.
போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது கோபம்.

ஜூரோங் வெஸ்ட் கோப்பிக்கடை, சம்பள நாள்,
அம்மாவைச் சொன்ன ஒரு வார்த்தை,
சாதிக் பாட்சாவின் புருவத்தில் ஏழு தையல்.
தாளில் தையல் இருக்கிறது.
வார்த்தை இல்லை.

மூன்றாண்டு வரை சிறை,
ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம்,
அல்லது இரண்டும்.
"அப்ப மூணு வருசமா?"
இல்லை. வரை.
"வரைன்னா?"

பதினாறு வருடமாக
நாளுக்கு நாற்பது முறை சொல்கிற சொல்.
ஒரு வாரமும் அதற்குள் அடங்கும்;
இன்னும் நடக்காத அவன் மகள்
பள்ளிக்கூடம் போவதும் அடங்கும்.
விளக்க எனக்கு அனுமதியில்லை.
இன்னொரு தடவை சொல்கிறேன்,
கொஞ்சம் மெதுவாக.

பின்வரிசையில் சாதிக்.
அறையில் இவன் விட்டுப்போன கைப்பேசி
அவன் மடியில் அதிர்கிறது,
ஊரிலிருந்து.
எடுக்காமல்
உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறான்.